5-3ஆ, 6-2ஆ, 7-1ஆ? பெஞ்சில் யாரை உட்கார வைப்பது

டெஸ்ட் ரக்பி அணிப் பட்டியல் வெளியானதும் பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் ரக்பி பார்ப்பவர்கள் மேலே இருக்கும் 15 பேரை அப்புறம்தான் பார்க்கிறார்கள். கண் முதலில் போவது 16 முதல் 23 வரையுள்ள எட்டுச் சட்டைகளுக்கு. அதில் முட்டித் தள்ளும் ஃபார்வர்டு எத்தனை, பின்னால் நின்று ஓடும் பேக் எத்தனை என்று எண்ணியதுமே (5-3 என்றால் ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக்) கட்சி பிரிந்துவிடும். "ஏழு ஃபார்வர்டு வச்சா கடைசி அரை மணி நேரம் எதிர் டீம் மூச்சுவிட முடியாது மச்சி" என்பது ஒரு கட்சி. "ரெண்டு விங்கர் அடிபட்டா யாரை ஓட விடுவ, ப்ராப்பையா?" என்பது எதிர்க்கட்சி. கபடியும் குத்துச்சண்டையும் ஊறிப்போன வட்டாரம் என்பதால் முதல் கட்சிக்கு இங்கே கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி.

சண்டை எல்லாம் எண்ணைப் பற்றியே நடக்கிறது. ஆனால் எண் கடைசியில் வர வேண்டிய விஷயம். 9 (பந்தை எடுத்து அனுப்பும் ஸ்க்ரம் ஹாஃப்), 10 (ஆட்டத்தை நடத்தும் ஃபிளை ஹாஃப்), 15 (கடைசியில் நிற்கும் ஃபுல்பேக்) ஆகிய மூன்று இடங்களுக்கும் களத்தில் ஏற்கெனவே நிற்பவர்களில் யார் மாற்று என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 5-3ஆ, 6-2ஆ, 7-1ஆ என்பது பாதி தெரிந்துவிடும். அதை எழுதாமல் ஒரு கோச்சைத் தைரியசாலி என்றும் இன்னொருவரைப் பயந்தாங்கொள்ளி என்றும் பேசுவதில் அர்த்தமில்லை.

2025இல் சென்னை புல்ஸ் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையை வென்றதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது ஏழு பேர் ஆடும் செவன்ஸ், இரண்டு அணியும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமில் மூன்றுக்கு மூன்று, ஒரு பாதி 10 நிமிடம்கூட ஓடாது. இங்கே பேசுவது 15 பேர் ஆட்டம். 1 முதல் 8 வரை ஃபார்வர்டு (1, 3 ப்ராப்; 2 ஹூக்கர்; 4, 5 லாக்; 6, 7 ஃப்ளாங்கர் உட்பட 6 முதல் 8 வரை லூஸ் ஃபார்வர்டு), 9 முதல் 15 வரை பேக் (11, 14 விங்கர்; 12, 13 சென்டர்), மொத்தம் 80 நிமிடம், ஸ்க்ரமில் எட்டுக்கு எட்டு. பெஞ்சில் எட்டுப் பேர். பெஞ்சை வைத்தே ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரம் திரும்புவது இந்த வடிவத்தில்தான்.

மூன்று சட்டை பேச்சுக்கே இல்லை

எட்டில் மூன்று இடம் சட்டப்படியே போய்விட்டது. 23 பேர் கொண்ட அணியில் ஸ்க்ரமின் முதல் வரிசையான ஃபிரண்ட் ரோவில் ஆடப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும். லூஸ்ஹெட் ப்ராப், ஹூக்கர், டைட்ஹெட் ப்ராப் ஆகிய மூன்று இடத்துக்கும் முதல் தடவை ஆள் மாற்ற நேரும்போது, ஸ்க்ரம் பாதுகாப்பாகத் தொடர ஆள் இருந்தாக வேண்டும். காரணம் கழுத்து. டைட்ஹெட்டின் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் மாட்டியிருக்கும்; இரண்டு தோளிலும் சுமை. லூஸ்ஹெட்டுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே வேலை மாதிரிதான் தெரியும். பழகாதவனைப் பக்கம் மாற்றி நிறுத்தினால் ஸ்க்ரம் சரியும், கழுத்து மாட்டும்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 பிப்ரவரி 27, டப்ளின். இத்தாலியின் ஹூக்கர் லுக்கேஸி அடிபட்டு வெளியேறினார். பதிலுக்கு வந்த ஃபைவா சிவப்பு அட்டை வாங்கினார். மூன்றாவது ஹூக்கர் இல்லை, ஸ்க்ரம் தள்ளுமுள்ளு இல்லாததாக மாறியது. அப்படி மாறக் காரணமான அணி ஓர் ஆளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியால் இத்தாலி 13 பேரோடு ஆடியது. அயர்லாந்து 57-6.

2019 உலகக்கோப்பை இறுதிப் போட்டியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே சொந்த அணி வீரர் மாரோ இட்டோஜேயின் கை தலையில் பட்டு வெளியேற, டான் கோல் ஏறக்குறைய முழு ஆட்டமும் தனியாகச் சுமந்தார். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தென் ஆப்பிரிக்கா புது ப்ராப்புகளை இறக்கியது. ஸ்க்ரம் பெனால்டி மேல் பெனால்டி. முடிவு 32-12. இங்கிலாந்து அன்று 5-3 வைத்திருந்தது என்பதை 7-1 கட்சிக்காரர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது ஆதாரமே இல்லை. 7-1 வைத்திருந்தாலும் பெஞ்சில் டைட்ஹெட் ஒருவர்தான் இருந்திருப்பார். ஃபிரண்ட் ரோவில் சீக்கிரம் விழும் அடிக்கு எந்தப் பிரிவும் மருந்தில்லை.

இன்னொன்று: ப்ராப் மஞ்சள் அட்டை வாங்கி 10 நிமிடம் வெளியே உட்கார்ந்தால், அடுத்த ஸ்க்ரமுக்குப் புது ப்ராப் உள்ளே வர வேண்டும், அதற்காக வேறொருவர் வெளியே போக வேண்டும். பெரும்பாலும் ஃப்ளாங்கரோ விங்கரோதான் பலி. பெஞ்ச் கணக்குப் போடும்போது இந்த 10 நிமிடத்தை யாரும் நினைப்பதில்லை.

ஆக மீதி ஐந்து சட்டை. அதில் ஒரு லாக், ஒரு லூஸ் ஃபார்வர்டு, ஒரு ஸ்க்ரம் ஹாஃப் என்று மூன்று கிட்டத்தட்ட எல்லா அணியிலும் நிச்சயம். சண்டை முழுக்க மீதமுள்ள இரண்டு நாற்காலிக்குத்தான்.

6-2: பலத்தைவிடக் காப்புத்தான் முக்கியம்

'பாம் ஸ்க்வாட்' என்று தென் ஆப்பிரிக்க பெஞ்சுக்குப் பெயர் வந்ததே 6-2 பிரிவில்தான். 2019 இறுதிப் போட்டியில் மார்க்ஸ், கிட்ஷாஃப், கோக், ஸ்னைமன், மோஸ்டர்ட், லோவ் என ஆறு ஃபார்வர்டு. பேக் பக்கம் ஸ்க்ரம் ஹாஃப் ஹெர்ஷல் யான்டீஸும் பல இடத்தில் ஆடக்கூடிய ஃபிரான்ஸ் ஸ்டெய்னும். முதல் பாதியின் நடுவிலேயே ஹூக்கர் ம்போனாம்பியும் லாக் லூட் டி யாகரும் ஒருசேரப் போனார்கள். மார்க்ஸும் மோஸ்டர்ட்டும் வந்தார்கள். ஸ்னைமன் இன்னும் பெஞ்சில் இருந்தார். 5-3 என்றால் பெஞ்சில் இருக்கும் ஒரே லாக் அப்போதே செலவாகி, பிறகு 60 நிமிடத்தில் இன்னொரு லாக் தளர்ந்தால் ஃப்ளாங்கரைத்தான் அந்த இடத்தில் தள்ளியிருக்க வேண்டும். புது ஆட்களின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 6-2இன் நிஜமான லாபம் இந்த இரண்டாவது லாக்.

சாதாரணமாக இறக்கும் வரிசை இப்படி இருக்கும். 45 முதல் 52 நிமிடத்துக்குள் ப்ராப்புகள், 50ஐ ஒட்டி ஹூக்கர், 55 வாக்கில் லாக், 60 வாக்கில் லூஸ் ஃபார்வர்டு, ஸ்க்ரம் ஹாஃப் 60க்கும் 65க்கும் நடுவில். கடைசி பேக்கை 70 வரை தொடக்கூடாது. ஆட்டம் மந்தமாக இருக்கிறதே என்று 55இல் அவரையும் இறக்கிவிட்டால் பிறகு 25 நிமிடம் சாமி கும்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஹூக்கரையும், லைன்அவுட்டில் (கோட்டுக்கு வெளியே போன பந்தை எறிந்து மறுபடி தொடங்குவது) எறியை அழைப்பவரையும் ஒரே நிறுத்தத்தில் மாற்றுவது ஒரு பெரிய தவறு. எங்கே எறிவது என்று சொல்பவரும் எறிபவரும் புதிது என்றால் முதல் இரண்டு எறி பெரும்பாலும் எதிரணிக்குத்தான். ஒரு லைன்அவுட் இடைவெளி விட்டு மாற்ற வேண்டும். புது ஹூக்கரின் முதல் எறியை முன்வரிசையில் குதிப்பவருக்கே கொடுக்க வேண்டும். தூரம் குறைவு, நடுக்கமும் குறையும்.

6-2 எங்கே கிழியும்? 2024 மார்ச் 9, ட்விக்கன்ஹாம். அயர்லாந்து பெஞ்சில் பேக் இரண்டே பேர்: கோனர் மரே, கியரன் ஃப்ராலி. விங்கர் கால்வின் நாஷ் ஆட்டம் சூடாகும் முன்பே வெளியே போக, ஃப்ராலி வந்தார். பிறகு ஃப்ராலியும் போக, மரே 9இல் வந்து, உலகின் மிக வேகமான ஸ்க்ரம் ஹாஃப்களில் ஒருவரான ஜேமிசன் கிப்சன்-பார்க் விங்கில் போய் நின்றார். ஒரு விங்கர் போனதோடு சேதம் நிற்கவில்லை. அயர்லாந்தின் பந்து வரும் வேகமே போனது. கடைசி நிமிடத்தில் மார்கஸ் ஸ்மித் டிராப் கோல் (பந்தைத் தரையில் தட்டவிட்டு உதைப்பது) அடித்து இங்கிலாந்து 23-22. தோல்விக்கு பெஞ்ச் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அயர்லாந்து கோச் ஆண்டி ஃபாரலின் திட்டத்தில் அந்த விங் மாற்றம் இருந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

விதியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். உத்திக்காக வெளியே எடுத்த ஆட்டக்காரர் சாதாரணமாகத் திரும்ப வர முடியாது. ஆனால் இன்னொருவருக்கு ரத்தக்காயம் என்றாலோ, தலை அடி பரிசோதனைக்குப் போனாலோ, எதிராளியின் முறைகேடான ஆட்டத்தால் அடிபட்டாலோ வரலாம். ஃபிரண்ட் ரோ காயத்துக்கும் வரலாம். ரத்தக்காயத்துக்கு 15 நிமிடம், தலைப் பரிசோதனைக்கு 12 நிமிடம். ஆக, 60இல் வெளியே போன பேக் 68இல் தலை அடிபட்டவருக்குப் பதிலாக உள்ளே வர முடியும். தொடைத்தசை பிடித்துக்கொண்டவருக்குப் பதிலாக வர முடியாது. 6-2 வைக்கும் கோச் பேக் ஆட்டக்காரர்களின் தொடையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். வாரம் முழுக்கத் தொடை இறுகிக்கொண்டிருக்கும் விங்கரை அணியில் வைத்துக்கொண்டு 6-2 போடுவது சூதாட்டம்.

7-1: எல்லோரும் பேசுவது, பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டது

இதற்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 2023 ஆகஸ்ட் 25, ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் ஃபுல்பேக் வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் விலக, அவர் இடத்தில் ஃபார்வர்டு க்வாகா ஸ்மித்தை பெஞ்சில் வைத்தது தென் ஆப்பிரிக்கா. அப்படி உருவான 7-1தான் 35-7 என்று நியூசிலாந்தை அதன் வரலாற்றிலேயே மிக மோசமாகத் தோற்கடித்தது. அன்று ஸ்காட் பேரட் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கியதை மறந்துவிட்டு, ஏழு ஃபார்வர்டு வைத்தால் 28 புள்ளி வித்தியாசம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள் நம்ம ஊரிலும் உண்டு.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 23, பாரிஸ், உலகக்கோப்பை. அதே 7-1, எதிரணி அயர்லாந்து. பெஞ்சில் ஒரே பேக், ஸ்க்ரம் ஹாஃப் கோபஸ் ரெய்னாக். அயர்லாந்து 13-8. தென் ஆப்பிரிக்கா ஃபிளை ஹாஃப் மானி லிபோக்கும் ஸ்க்ரம் ஹாஃப் ஃபாஃப் டி க்ளெர்க்குமாகக் காலால் தவறவிட்டது 11 புள்ளி. களத்தில் நம்பி உதைக்க ஆளில்லை, பெஞ்சிலும் உதைப்பவர் இல்லை. ஏழு ஃபார்வர்டு தள்ளித் தள்ளிப் பெனால்டி வாங்கிக் கொடுத்தாலும் அதைப் புள்ளியாக மாற்றக் கால் வேண்டுமே.

இங்கேதான் கவனிக்க வேண்டியது: அதே உலகக்கோப்பையின் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் தென் ஆப்பிரிக்கா 5-3தான் வைத்தது. டி க்ளெர்க், ஹான்ட்ரே பொலார்ட், லெ ரூ மூவரும் பெஞ்சில். பிரான்ஸை 29-28, இங்கிலாந்தை 16-15. மழையில் நடந்த அரையிறுதியில் லிபோக் 31ஆவது நிமிடத்திலேயே வெளியே அழைக்கப்பட்டு பொலார்ட் வந்தார். ஆக்ஸ் என்சே இறங்கி ஸ்க்ரமை நொறுக்கினார். ஸ்னைமன் எதிரணிக் கோட்டுக்குள் பந்தை ஊன்றி ட்ரை வைத்தார். பொலார்ட் அதற்குக் கிடைக்கும் உதையைப் போட்டு கன்வர்ட் செய்து, 78ஆவது நிமிடத்தில் ஏறக்குறைய 50 மீட்டரிலிருந்து பெனால்டியையும் போட்டார். பெஞ்சில் ஃபிளை ஹாஃப் இல்லாத 7-1 என்றால் அந்த மாற்றமே நடந்திருக்காது. 7-1க்குக் கோவில் கட்டியவர்கள் கும்பிட வேண்டிய ஆட்டம் இது. ஆனால் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நியூசிலாந்துக்கு எதிரான அக்டோபர் 28 இறுதிப் போட்டிக்கு மறுபடி 7-1. இம்முறை ஒரே பேக் லெ ரூ. ஆக 7-1இல் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் ஆபத்து வேறு. பெஞ்சில் 9 இருந்தால் 10க்கும் 15க்கும் களத்துக்குள்ளேயே மாற்று வேண்டும். பெஞ்சில் 15 இருந்தால் 9 நிராயுதபாணி; டி க்ளெர்க் 80 நிமிடமும் நிற்க வேண்டும், நின்றார். அன்று பொலார்ட் முதலிலிருந்தே ஆடியதால் உதைக்கும் கவலை இல்லை. ஃபுல்பேக் டேமியன் வில்லெம்ஸ தேவைப்பட்டால் 10இலும் 12இலும் ஆடக்கூடியவர். அதாவது செப்டம்பரில் இல்லாத நம்பகமான கால் அக்டோபரில் இருந்தது. அணியை நடத்திய ராஸி எராஸ்மஸும் கோச் ஜாக் நீனாபரும் மாற்றியது தைரியத்தை அல்ல, 15 பேரை.

அப்படியும் ஆட்டம் தப்பிப் பிழைத்த ஆட்டம்தான். ம்போனாம்பி தொடக்க நிமிடங்களிலேயே அடிபட்டார். மால்கம் மார்க்ஸ் தொடரின் நடுவில் காயமடைந்தபோது அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் பொலார்டை அழைத்திருந்தார்கள். எனவே ஃப்ளாங்கராக ஆடிவந்த 37 வயது டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க ஹூக்கர். லைன்அவுட் தடுமாறியது. எதிரணி கேப்டன் சாம் கேன் முதல் பாதியிலேயே நிரந்தரமாக வெளியேறியும் முடிவு 12-11. பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் 28 டேக்கிள் போட்டு 80 நிமிடமும் நின்றார். ஏழு ஃபார்வர்டு பெஞ்சில் இருந்தால் களத்தில் ஒரே ஒரு ஃபார்வர்டு மட்டும் முழு ஆட்டமும் ஆட வேண்டும். அந்த ஒருவர் டு டாய்ட் மாதிரி இருக்க வேண்டும். எத்தனை நாட்டுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார்?

பிரான்ஸ் இன்னொரு பாடம். 2025 மார்ச் 8, டப்ளின். கோச் ஃபாபியன் கால்தியே 7-1 வைத்தார், ஒரே பேக் மாக்சிம் லுகு. அரை மணி நேரத்தில் ஸ்க்ரம் ஹாஃப் அன்டுவான் டியூபோன் முழங்கால் தசைநார் அறுந்து போனார். லுகு வந்தார். பிறகு சென்டர் பராசியும் போக, ஃப்ளாங்கர் ஆஸ்கர் ஜெகு சென்டரில் நின்றார். பயந்தது எல்லாம் நடந்தது. ஆனாலும் பிரான்ஸ் 42-27. காரணம் எண் இல்லை. பிரான்ஸின் இரண்டாவது 9 பல நாடுகளில் முதல் 9 ஆகக்கூடியவர், உதைக்கவும் தெரிந்தவர். ஜெகுவுக்குத் திறந்த வெளியில் டேக்கிள் போடும் கால் உண்டு. களத்தில் மிஞ்சிய பேக் ஆட்டக்காரர்கள் இடம் மாறி ஆடப் பழகியவர்கள்.

இந்த உதாரணங்களை எல்லாம் வைத்துப் பார்த்தால் 7-1க்கு மூன்று நிபந்தனை. முதலாவது, பெஞ்ச் பேக் 9 என்றால் களத்தில் இரண்டாவது 10 இருக்க வேண்டும். பெஞ்ச் பேக் 9 இல்லை என்றால் களத்தில் யாராவது ஒருவர் ரக்கிலிருந்து (டேக்கிளுக்குப் பின் பந்தின் மேல் சேரும் குவியல்) இரண்டு பக்கமும் 10 மீட்டருக்குத் தாழ்வாக, நேராகப் பந்தை அனுப்பத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவசர 9 பந்தை வெளியே அனுப்பிவிடுவார். 9 குவியலுக்குப் பின்னாலிருந்து உயரமாக உதைக்கும் பாக்ஸ் கிக்தான் கை கொடுக்காது, எனவே சொந்த 22 மீட்டருக்குள் 10தான் உதைத்து வெளியேற வேண்டும் என்பதை வாரத்தின் தொடக்கத்திலேயே பயிற்சி செய்திருக்க வேண்டும். இரண்டாவது, பேக் லைனில் நிற்கக்கூடிய ஒரு ஃபார்வர்டு: 2016 ஒலிம்பிக்கில் செவன்ஸ் வெண்கலம் வாங்கிய க்வாகா ஸ்மித், பிரான்ஸின் ஜெகு, ஃபிஜியின் லெவானி போட்டியா மாதிரி. மூன்றாவது, தொடக்க 15 பேரில் கோலுக்கு உதைப்பவர் இருவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் 6-2க்கு இறங்கிவிட வேண்டும். தென் ஆப்பிரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் பல சமயம் மூன்றும் இருக்கிறது. மற்றவர்கள் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகள்தான்.

5-3: பழையது, ஆனால் செத்துப்போகவில்லை

5-3க்கு ஆதரவாகப் பேசினாலே இப்போது பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 60 நிமிடம் ஓடிய உங்கள் 7ஆம் நம்பரைவிட, பெஞ்சில் இருக்கும் ஆறாவது ஃபார்வர்டு அந்த நிமிடத்தில் நல்லவரா? தென் ஆப்பிரிக்காவில் ஆமாம். நடுத்தர அணிகள் பலவற்றில் இல்லை. இல்லை என்றால் ஆறாவது ஃபார்வர்டை இறக்குவது மாற்றத்துக்காக மாற்றம்தான். அந்தச் சட்டையை 22ஆம் நம்பர் இரண்டாவது ஃபிளை ஹாஃபுக்கோ, 23ஆம் நம்பர் ஓடி முடிப்பவருக்கோ கொடுத்தால் பின்தங்கியிருக்கும்போது ஆட்டத்தைத் திறக்கலாம். காய்ந்த மைதானம், வேகமான எதிரணி, தொடை சந்தேகத்தில் இருக்கும் விங்கர், கால் நிச்சயமில்லாத ஃபிளை ஹாஃப் என்று இவற்றில் எது இருந்தாலும் 5-3.

ஃபார்மா, வேலையா?

பெஞ்ச் விஷயத்தில் ரசிகர்கள் அதிகம் கொதிப்பது இதற்குத்தான்: "கிளப் ஆட்டத்துல இவன் கெத்தா ஆடுறான், ஏன் எடுக்கல?" தொடக்க 15க்கு அந்தக் கேள்வி நியாயம். பெஞ்சுக்கு அதை அப்படியே கேட்க முடியாது. 23ஆம் நம்பர் சட்டை ஒரு இடத்தில் பிரமாதமாக ஆடுபவருக்கு அல்ல, மூன்று இடத்தில் ஆட்டத்தைக் கெடுக்காமல் ஆடுபவருக்கு. கபடியில் ஐந்து மாற்று ஆட்களில் ரெய்டும் தெரிந்து கார்னரும் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆல்ரவுண்டரைக் கட்டாயம் வைத்துக்கொள்கிற மாதிரிதான் இதுவும். ஃபார்மின் உச்சியில் இருக்கும் விங்கர் விங்கில் மட்டும் ஆடத் தெரிந்தவர் என்றால், அவர் 14ஆம் நம்பரில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கேலரியில் உட்கார வேண்டும். 6-2 பெஞ்சில் அவருக்கு இடமில்லை. லெ ரூவும் ஃபிரான்ஸ் ஸ்டெய்னும் வருடக்கணக்கில் அணியில் நிலைத்தது இதனால்தான். இதில் கோச்சைத் திட்டிப் பயனில்லை.

2027 உலகக்கோப்பை அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை ஆஸ்திரேலியாவில், 24 அணிகளோடு நடக்கப் போகிறது. எந்த நாட்டுக்கு ரசிகராக இருந்தாலும் அதுவரை அணி அறிவிப்பில் பார்க்க வேண்டியது தொடக்க 15இல் எத்தனை பேர் இரண்டு இடத்தில் ஆடுகிறார்கள் என்பது. அந்த எண் கூடிக்கொண்டே போனால் கோச் 7-1க்குத் தயார் செய்கிறார் என்று அர்த்தம்.

நம்ம மைதானத்தில்

டிவியில் பார்த்ததை அப்படியே இங்கே செய்ய நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. நம்ம ஊர் 15 பேர் ஆட்டத்தில் 23 பேர் சேர்வது அபூர்வம். எத்தனை பேர் சேர்கிறார்களோ அதற்கேற்ப ஃபிரண்ட் ரோ எண்ணிக்கை மாறும்: 15 பேர் வரை என்றால் மூன்று, 16 முதல் 18 வரை நான்கு, 19 முதல் 22 வரை ஐந்து, 23க்கு ஆறு. 18 பேர் வந்தால் பெஞ்சில் மூன்றே நாற்காலி. ஒன்று ஃபிரண்ட் ரோ. அவர் இரண்டு பக்கமும் ஆடப் பழகிய ப்ராப்பாக இருந்தால்தான் பிரயோஜனம். இன்னொன்று 4, 6, 7 எங்கேயும் நிற்கும் ஃபார்வர்டு. மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு 9 ஆடத் தெரிந்த பேக். விங்கருக்கு அடிபட்டால் 7ஆம் நம்பரை விங்கில் தள்ளி, பெஞ்ச் ஃபார்வர்டை 7இல் இறக்கலாம். 9க்கு அடிபட்டு அங்கே ஆளில்லை என்றால் 14 பேர் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கடற்கரையை ஒட்டிய ஈரப்பதம் இன்னொரு கணக்கு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை திருவொற்றியூர், காசிமேடு பக்கம் மாலை நாலரை மணி ஆட்டத்தில் வியர்வை காயவே காயாது. கெண்டைக்கால் பிடிப்பு ஃபார்வர்டு, பேக் என்று பார்க்காமல் 50 நிமிடத்துக்கு மேல் எல்லோருக்கும் வரும். புல் குறைந்த கட்டாந்தரையில் முட்டியும் முழங்கையும் உரிந்து ரத்தம் வரும், நடுவர் வெளியே அனுப்புவார். இரண்டும் பேக் பக்கத்தையும் சமமாகத் தாக்குவதால் 23 பேர் கிடைத்தாலும் இங்கே 5-3தான் சரி. 22 பேர் என்றால் 4-3. மிக அதிக வெப்பமோ ஈரப்பதமோ இருந்தால் பாதிக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்துக்கு மிகாமல் தண்ணீர் இடைவேளை கொடுக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு, ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும் உருட்டு மாற்றுக்குப் போட்டி நடத்துபவர்கள் அனுமதி தந்திருந்தால் அதற்கு உச்சவரம்பு 12. அந்த 12ஐ ப்ராப்புகளுக்கே பெரும்பாலும் ஒதுக்க வேண்டும்: 20 நிமிடம் ஆட்டம், 10 நிமிடம் ஓய்வு.

ஃபூரி மாதிரி ஒரு அவசர ஹூக்கரை உருவாக்க நினைத்தால் ஃப்ளாங்கர்களில் ஒருவரைப் பிடித்து ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் 20 எறி போட வையுங்கள்: பத்து முன்வரிசைக்கு, ஆறு நடுவுக்கு, நான்கு பின்வரிசைக்கு. எறிவது கற்றுக்கொண்டுவிட்டார் என்பதால் ஸ்க்ரமில் நடுவில் நிறுத்திவிடக்கூடாது. இயந்திரத்திலும் ஆளோடும் பிணைந்து தள்ளப் பழகி, கோச் ஒப்புக்கொண்ட பிறகுதான். யார் யார் ஃபிரண்ட் ரோவில் எந்த இடத்தில் ஆடத் தகுதியானவர்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே போட்டி நடத்துபவர்களிடம் பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையை நிரப்புவதற்காகப் பழகாதவர் பெயரை அதில் சேர்க்காதீர்கள். ஆள் போதவில்லை என்றால் தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரம் கேட்டு ஆடிவிட்டு வரலாம்.